ஏரிக்கரையில் விடுமுறை: அமைதியான தண்ணீரும் நமது பொறுப்பும்



கோடை விடுமுறை நெருங்கும்போது எனது சிகிச்சை நிலையத்துக்கு வருபவர்களின் பேச்சும் மாறிவிடும். "டொக்டர், இந்த முறை நாலு குடும்பம் சேர்ந்து ஏரிக்கரையில ஒரு பெரிய லொட்ஜ் எடுத்திருக்கிறம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போறம். என்ன மருந்து கொண்டுபோக வேணும்?" என்று கேட்பார்கள். வயிற்றோட்டத்துக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று, நுளம்புக்கு ஒன்று என்று நானும் எழுதிக் கொடுப்பேன். ஆனால் அந்தப் பயணத்தில் உயிருக்கு உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க இயலாது. ஆகவேதான் இந்த மாதச் சுகாதாரப் பகுதியை அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறேன்.

ஒரு காலத்தில் நமது விடுமுறை என்றால் உறவினர் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுப்பதுதான். இன்று நிலைமை வேறு. விக்டோரியாவில் ஐல்டன் ஏரி, டேல்ஸ்ஃபர்ட், கிப்ஸ்லாந்து ஏரிகளின் கரையிலுள்ள மெற்றங், பெய்ன்ஸ்வில், லேக்ஸ் என்ட்ரன்ஸ். நியூ சவுத் வேல்ஸில் மக்குவாரி ஏரி, டக்கரா ஏரிகள், ஜிண்டபைன் என்று ஏரியோரம் நிறைய வசதியான விடுதிகள் வந்துவிட்டன. ஐந்து அறை, பெரிய சமையலறை, டெக்கில் சுடுநீர் ஸ்பா, வாசலில் புல்வெளி, அதன் முடிவில் சொந்தப் படகுத்துறை. பல குடும்பங்கள் பங்குபோட்டால் செலவும் கட்டுப்படியாகும். பிள்ளைகள் திரையை விட்டு வெளியே வருகிறார்கள், பாட்டன் பாட்டி பேரப்பிள்ளைகளுடன் ஒரே கூரையின் கீழ் நாலு நாள் இருக்கிறார்கள். மன நலத்துக்கு இதைவிட நல்ல மருந்து என்னிடம் இல்லை. எனவே போகாதீர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. போங்கள், ஆனால் தண்ணீரை அறிந்துகொண்டு போங்கள்.

எனக்கே நடந்த ஒரு பாடம்

சில வருடங்களுக்கு முன்னர் நாங்களும் அப்படித்தான் மூன்று குடும்பங்களாக விக்டோரியாவில் ஓர் ஏரிக்கரை விடுதிக்குப் போனோம். சம்பந்தப்பட்ட பெற்றோரின் சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன்.

போய்ச் சேர்ந்த முதல் மணித்தியாலம். வாகனங்களிலிருந்து அரிசி மூட்டையும் எஸ்கியும் பாய் தலையணையும் இறக்கிக்கொண்டிருந்தோம். பெண்கள் சமையலறையில் இருந்தார்கள். ஆண்கள் சிலர் பாபகியூவைப் பற்றவைக்க முயன்றுகொண்டிருந்தார்கள். பத்துப் பெரியவர்கள் அங்கே இருந்தோம். நண்பரின் நாலு வயது மகன், திறந்திருந்த கண்ணாடிக் கதவு வழியாக வெளியே போய், புல்வெளியைக் கடந்து, படகுத்துறையில் ஏறியிருக்கிறான். அதை எவரும் காணவில்லை. அவனுடைய பாட்டிதான், "தம்பி எங்கை? சத்தத்தைக் காணேல்லை" என்று முதலில் கேட்டார்.

நாங்கள் ஓடியபோது அவன் படகுத்துறையின் பக்கத்தில் தண்ணீரில் இருந்தான். முகம் கீழே இருந்தது. கத்தவில்லை, கைகால் அடிக்கவில்லை. அந்த இடத்தில் தண்ணீர் எனது இடுப்பளவுதான் என்பதால் இறங்கித் தூக்க முடிந்தது. தூக்கியவுடன் இருமினான், அழுதான். அந்த அழுகையைப்போல இனிய சத்தத்தை நான் கேட்டதில்லை. ஓரிரவு வைத்தியசாலையில் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்று அவன் உயர்தர வகுப்பு மாணவன்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தண்ணீர் கழுத்தளவாக இருந்திருந்தால்? எனக்கு நீந்தத் தெரியாது. வைத்தியராக இத்தனை வருடம் இருந்தும், பத்துப் பேர் சூழ்ந்திருந்தும், அந்தப் பிள்ளையைக் காப்பாற்றியது கரையோரம் ஆழமில்லாமல் இருந்த தற்செயலும் ஒரு பாட்டியின் கேள்வியும்தான். நாங்கள் எல்லோரும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்தோம். உண்மையில் ஒருவரும் பார்க்கவில்லை.

நமக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு என்று ஒன்றும் கிடையாது. நம்மில் பெரும்பாலானோர் கிணற்றடியில் வாளியால் அள்ளிக் குளித்து வளர்ந்தவர்கள். கீரிமலைக் கேணியில் பாய்ந்து நீந்தியவர்களும், கடலோரக் கிராமத்தவர்களும், வன்னியில் குளங்களோடு வளர்ந்தவர்களும் இருக்கிறார்கள்தான். ஆனால் முறையாக நீச்சல் கற்றவர்கள் குறைவு. பெண்களில் இன்னும் குறைவு.

இன்னொன்றும் உண்டு. ஆனையிறவுப் பாதையும் சங்குப்பிட்டிப் பாதையும் அடைபட்டிருந்த 1993 ஆம் ஆண்டில், கிளாலிக் கடனீரேரியை இரவில் படகில் கடந்தவர்களில் நானும் ஒருவன். அந்த நீரில் உயிர் விட்டவர்கள் பலர். பின்னர் கடல்வழியாகவே இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். தண்ணீரைக் கண்டால் நெஞ்சு படபடக்கிறது என்று சொல்லும் நோயாளர்களை எனக்குத் தெரியும். அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பயத்தின் காரணமாகப் பிள்ளைகளை நீச்சல் வகுப்புக்கு அனுப்பாமல் விட்டால், நமது பயம் அவர்களுக்கு ஆபத்தாக முடிகிறது.

றோயல் லைஃப் சேவிங் அமைப்பின் அறிக்கைப்படி 2024-25 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவில் 357 பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அண்மைய ஆண்டுகளில் இவ்வாறு இறந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் வெளிநாடுகளில் பிறந்தவர்கள். ஐவரில் நால்வர் ஆண்கள். கடற்கரைகளில் மட்டுமன்றி ஆறு, ஏரி, அணை ஆகிய உள்நாட்டு நீர்நிலைகளிலும் பலர் இறக்கிறார்கள். 2024 ஜனவரி 24 அன்று பிலிப் தீவில், உயிர்காப்பாளர் இல்லாத கடற்கரையில், இந்திய வம்சாவளியைச் சேர்ந்த நால்வர் ஒரே நாளில் மூழ்கி இறந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவர்களும் சேர்ந்து மகிழ்ந்திருக்கவே போனார்கள்.

அலை இல்லாத தண்ணீரில் என்ன ஆபத்து?

கடலைப் பார்த்தால் நாம் தானாகவே பின்வாங்குகிறோம். அலை நம்மை எச்சரிக்கிறது. ஏரி அப்படி எச்சரிப்பதில்லை. கண்ணாடிபோல் கிடக்கும். அதனால்தான் ஏமாறுகிறோம். கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

முதலாவது, ஆழம். நாம் ஏரி என்று சொல்பவற்றில் பல உண்மையில் அணைக்கட்டுகள். ஐல்டன் ஏரி, கூல்பேர்ன் ஆற்றை மறித்து 1950களில் கட்டி முடிக்கப்பட்ட பெரிய அணையால் உருவானது. டார்லிங்ஃபர்ட் என்ற ஊரே அதனடியில் மூழ்கியது. பள்ளத்தாக்கில் நிரம்பிய தண்ணீர் என்பதால் கரையிலிருந்து நாலு அடி வைத்ததும் மலைச்சரிவுபோல் ஆழமாகலாம். அடியில் மரக்கட்டைகள் கிடக்கலாம். பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிடுவதால் மட்டம் ஏறி இறங்கும். போன வருடம் குதித்த இடத்தில் இந்த வருடம் தலை அடிபடும். முரே ஆற்றில் 1939 இல் கட்டப்பட்ட தடுப்பணையால் உருவான முல்வாலா ஏரியில், பட்டுப்போன மரங்கள் இன்றும் தண்ணீருக்குள் நிற்பதைக் காணலாம். ஆகவே எந்த ஏரியிலும் தலைகீழாகப் பாயக்கூடாது. கழுத்தெலும்பு முறிந்து வாழ்நாள் முழுவதும் சக்கர நாற்காலியில் இருக்கும் இளைஞர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள்.

இரண்டாவது, குளிர். வெயிலில் மேல்மட்டத் தண்ணீர் இளஞ்சூடாக இருக்கும். ஆனால் சற்றுக் கீழே கால் போனால் நீர் சில்லென்று இருக்கும். பனிமலை அருகிலுள்ள ஜிண்டபைன் போன்ற ஏரிகளில் கோடையிலும் இதை உணரலாம். 15 பாகை செல்சியசுக்குக் கீழான தண்ணீரில் திடீரென்று விழுந்தால் உடல் தன்னையறியாமல் ஒரு பெருமூச்சை உள்ளே இழுக்கும். அந்த நேரம் வாய் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீர் உள்ளே போகும். மூச்சு வேகமாகும், இதயத் துடிப்பும் குருதி அமுக்கமும் சட்டென ஏறும். இதய நோய் உள்ளவருக்கு அதுவே போதும். நன்றாக நீந்தத் தெரிந்தவரும் முதல் ஒரு நிமிடத்தில் தடுமாறுவது இதனால்தான். அந்த நிமிடத்தில் நீந்த முயலாமல் மல்லாந்து மிதந்து மூச்சை நிதானப்படுத்த வேண்டும். இங்கிலாந்தில் உள்ள உறவினரிடம் போகிறவர்கள் இதை இன்னும் கவனத்தில் வைக்க வேண்டும். வின்டர்மியர் போன்ற ஏரிகளின் கரையில் எவ்வளவு சொகுசான லொட்ஜ் இருந்தாலும், அந்தத் தண்ணீர் கோடையிலும் நமது உடலுக்குக் குளிர்ந்த தண்ணீர்தான்.

மூன்றாவது, சேறும் பாசியும். கால் புதைந்தால் பயத்தில் உதறுவோம். உதறினால் இன்னும் புதையும். நன்னீரில் உடல் கடல்நீரில்போல மிதப்பதுமில்லை.

நான்காவது, ஓட்டமும் காற்றும். எல்லா ஏரியும் மூடிய ஏரி அல்ல. சிட்னித் துறைமுகத்தைப்போல ஏறத்தாழ இரு மடங்கு பரப்புள்ள மக்குவாரி ஏரி, சுவான்சி வாய்க்கால் வழியாகக் கடலோடு சேர்கிறது. வற்றும்போதும் பெருகும்போதும் அங்கே நீரோட்டம் மிகப் பலமானது. லேக்ஸ் என்ட்ரன்ஸில் 1889 இல் வெட்டித் திறக்கப்பட்ட முகத்துவாரமும் அப்படியே. அகன்ற ஏரியில், காற்றடைத்த மிதவைப் பொம்மையில் ஏறிய பிள்ளையைக் கரைக்காற்று சில நிமிடங்களில் நடுவே தள்ளிவிடும். அவை விளையாட்டுச் சாமான்களேயன்றிப் பாதுகாப்புச் சாதனங்கள் அல்ல.

வேலி இல்லாத நீச்சல் குளம்

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனியுங்கள். விக்டோரியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் 30 சென்ரிமீற்றருக்கு மேல் தண்ணீர் நிற்கக்கூடிய நீச்சல் குளம், ஸ்பா எதற்கும் சட்டப்படி பாதுகாப்புத் தடுப்பு வேண்டும். வழக்கமாகக் குறைந்தது 1.2 மீற்றர் உயர வேலியும் தானாக மூடிக்கொள்ளும் கதவும் இருக்கும். நமது வீட்டில் அப்படி ஒரு குளம் வேலி இல்லாமல் இருந்தால் பிள்ளையை ஒரு நிமிடமும் வெளியே விடமாட்டோம். ஆனால் விடுதி வாசலிலிருந்து இருபது மீற்றரில் இருக்கும் ஏரிக்கு அந்தச் சட்டம் இல்லை. வேலியும் இல்லை, கதவும் இல்லை, சிவப்பு மஞ்சள் கொடியும் இல்லை, உயிர்காப்பாளரும் இல்லை. கடற்கரையில் மற்றவர்கள் செய்யும் காவலை இங்கே நீங்கள்தான் செய்ய வேண்டும்.

எங்கள் அனுபவத்துக்குப் பின்னர் நாங்கள் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். எந்தச் செலவும் இல்லை. ஒரு சிவப்புத் தொப்பி. அதை அணிந்திருப்பவர்தான் அந்த நேரத்துக் காவலர். அவர் கைத்தொலைபேசி பார்க்கக்கூடாது, சமைக்கக்கூடாது, மது அருந்தியிருக்கக்கூடாது, அரட்டையில் மூழ்கக்கூடாது. இருபது நிமிடம். பிறகு அடுத்தவரின் கையில் தொப்பியைக் கொடுத்து, "இப்ப நீங்கள் பார்க்கிறீங்கள்" என்று வாயால் சொல்ல வேண்டும். அவர் "ஓம், நான் பார்க்கிறன்" என்று பதில் சொல்ல வேண்டும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை தண்ணீரிலோ கரையிலோ இருந்தால், கை நீட்டித் தொடக்கூடிய தூரத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். மூத்த அக்காவிடமோ பத்து வயது அண்ணாவிடமோ இந்தப் பொறுப்பைக் கொடுக்க வேண்டாம். தவறு நேர்ந்தால் அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுவதும் அதைச் சுமக்கும்.

தொப்பியை வாகனத்திலிருந்து இறங்கும்போதே அணிய வேண்டும். பொருட்களை இறக்கும் முதல் மணித்தியாலமும், மூட்டை கட்டும் கடைசி மணித்தியாலமும்தான் மிக ஆபத்தானவை என்பது எனது அனுபவம்.

விடுதியை ஒழுங்குசெய்யுமுன் கேட்க வேண்டியவை

1. தண்ணீர் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? இடையில் வேலி உண்டா?
2. வெளிக்கதவுகளைப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் பூட்டலாமா?
3. ஸ்பாவுக்கு வேலி அல்லது பூட்டும் மூடி உண்டா?
4. படகு, கயாக் இருந்தால், பிள்ளைகளின் அளவுக்கேற்ற லைஃப் ஜாக்கெட்டுகள் உண்டா? இல்லையென்றால் நீங்களே வாங்கிச் செல்லுங்கள். சிறிய படகுகளில் 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் அதை அணிந்திருக்க வேண்டும் என்பது இரு மாநிலங்களிலும் சட்டம். நீந்தத் தெரியாத பெரியவர்களும் வெட்கப்படாமல் அணியுங்கள்.
5. கைத்தொலைபேசிச் சைகை கிடைக்குமா? அவசர சிகிச்சைப் பிரிவுள்ள வைத்தியசாலை எங்கே?
6. குடிநீர் எங்கிருந்து வருகிறது? கிராமப்புற விடுதிகள் பலவற்றில் மழைநீர்த் தாங்கிதான். கைக்குழந்தைக்குக் கொதிக்கவைத்து ஆறிய நீரையே கொடுங்கள்.

விடுதியின் முழு முகவரியையும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். அவசரத்தில் எவருக்கும் முகவரி ஞாபகம் வராது. 'எமர்ஜென்சி பிளஸ்' என்ற இலவசச் செயலியைத் தொலைபேசியில் வைத்திருந்தால் நீங்கள் நிற்கும் இடத்தை அது காட்டும்.

மூழ்கும் ஒருவரைக் கண்டால்

திரைப்படத்தில் மூழ்குபவர் கையை ஆட்டிக் கத்துவார். நிஜத்தில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. மூச்சு எடுக்கவே நேரமில்லாதவர் எப்படிக் கத்துவார்? தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் இருந்து, ஏணி ஏறுவதுபோல் கைகள் நீருக்குள் அசையும். ஒரு நிமிடத்துக்குள் உள்ளே போய்விடுவார். விளையாடும் பிள்ளை சத்தம் போடும். சத்தம் நின்றால் ஓடிப்போய்ப் பாருங்கள்.

அடுத்து, தகப்பன்மாருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை மூழ்குவதைக் கண்டு நீந்தத் தெரியாமல் பாய்ந்து, தகப்பனும் இறந்த துயரங்கள் உண்டு. மூழ்குபவர் பிடித்தால் விடமாட்டார். ஆகவே ஆழத்தில் பாயாமல், எட்டிக் கொடுங்கள் அல்லது எறியுங்கள். தடி, துடுப்பு, கயிறு, எஸ்கி மூடி, மூடிய வெற்றுத் தண்ணீர்ப் போத்தல், பந்து எதுவும் உதவும்.

2020 ஓகஸ்டில் தமிழ்நாட்டின் பெரம்பலூர் மாவட்டத்திலுள்ள கொட்டரை அணையில் நான்கு இளைஞர்கள் மூழ்கத் தொடங்கியபோது, அங்கிருந்த செந்தமிழ்ச்செல்வி, சுந்தரபால், ஆனந்தவல்லி என்ற மூன்று பெண்கள் தங்கள் சேலைகளைக் கழற்றிக் கயிறாக எறிந்தார்கள். இருவரைக் காப்பாற்ற முடிந்தது, இருவர் இறந்துவிட்டனர். தமிழ்நாடு அரசு அந்தப் பெண்களுக்குக் கல்பனா சாவ்லா விருது வழங்கியது. கூச்சத்தை ஒதுக்கிவிட்டு ஒரு நொடியில் சரியான முடிவை எடுத்த பெண்கள். கையில் இருப்பதை எறி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

வெளியே எடுத்த பின்னர்:

1. தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லையென்றால் ஒருவர் 000 அழைக்கட்டும். ஆங்கிலம் தடுமாறினாலும் "அம்புலன்ஸ்" என்றும் "தமிழ்" என்றும் சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.
2. மல்லாத்திப் படுக்கவைத்து, வாயில் சேறு, பாசி இருந்தால் பக்கவாட்டில் திருப்பி அகற்றுங்கள்.
3. மூச்சு இல்லையென்றால், அல்லது சாதாரணமாக மூச்சு விடவில்லையென்றால், உடனே சிபிஆர் தொடங்குங்கள். நெஞ்சின் நடுவே 30 முறை அமுக்கி, வாயோடு வாய் வைத்து 2 முறை மூச்சு. நெஞ்சின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு அமுங்க வேண்டும். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. மூழ்கியவருக்கு முதலில் பற்றாக்குறையானது ஒட்சிசன் என்பதால் மூச்சுக் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டாம்.
4. அம்புலன்ஸ் வரும்வரை நிறுத்த வேண்டாம்.

ஊரில் செய்வதுபோல் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் கூடவே கூடாது. நுரையீரலிலிருந்து அப்படித் தண்ணீர் வராது. வயிற்றிலுள்ள உணவுதான் மேலேறி மூச்சுக் குழாயை அடைக்கும். சிபிஆர் செய்ய வேண்டிய பொன்னான நிமிடங்களும் வீணாகும்.

எழுந்து உட்கார்ந்து பேசினாலும், தண்ணீருக்குள் மூழ்கி எடுக்கப்பட்டவர் வைத்தியசாலைக்குப் போகத்தான் வேண்டும். சில மணித்தியாலங்களில் மூச்சுத்திணறல் கூடலாம்.

மூத்தவர்களுக்கும் நோயுள்ளவர்களுக்கும்

நீரிழிவுக்காரர்: இன்சுலினை வெயிலில் நிறுத்திய வாகனத்தில் விடவேண்டாம். நீந்துவதும் கயாக் ஓட்டுவதும் குருதிச் சீனியைக் குறைக்கும். முன்னர் சோதித்து, கையில் ஜெலி பீன்ஸ் அல்லது இனிப்புப் பானம் வைத்திருங்கள். தண்ணீருக்குள் சீனி இறங்கி மயங்கினால் அதுவே மூழ்குதல்தான். பாத உணர்வு குறைந்தவர்கள் படகுத்துறையின் சூடான பலகையில் வெறுங்காலோடு நடக்கக்கூடாது.

சுடுநீர் ஸ்பா: கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். குருதி அமுக்கத்துக்குக் குளிசை எடுப்பவர்கள் அதிலிருந்து எழும்பும்போது தலைசுற்றி விழலாம். சில நிமிடங்கள் போதும், தனியாக இறங்க வேண்டாம், மது அருந்திவிட்டு இறங்கவே வேண்டாம். ஏரிக்கும் இதே விதிதான். மூழ்கி இறக்கும் பெரியவர்களின் கதையில் மது அடிக்கடி வருகிறது.

ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர்: இலங்கைக்கும் இந்தியாவுக்கும் அவுஸ்திரேலியாவுடன் மெடிகெயார் ஒப்பந்தம் இல்லை. அவர்களின் பயணக் காப்புறுதியைச் சரிபாருங்கள். நம்மவர்களுக்கும் ஒரு நினைவூட்டல்: அம்புலன்ஸ் செலவை மெடிகெயார் கொடுப்பதில்லை. சலுகை அட்டை இல்லாதவர்கள் அம்புலன்ஸ் அங்கத்துவமோ தனியார் காப்புறுதியோ எடுத்திருப்பது நல்லது.

வேறு சில கவனிப்புகள்

நீலப்பச்சைப் பாசி: வெப்பமான மாதங்களில் கிப்ஸ்லாந்து ஏரிகள் உட்படப் பல ஏரிகளில் இது பெருகும். பச்சைப் பெயின்ற் ஊற்றியதுபோல் நீர் தெரிந்தால் இறங்க வேண்டாம். தோல் அரிப்பும் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். கொதிக்கவைத்தாலும் அதன் நஞ்சு போகாது. எச்சரிக்கைப் பலகையை வாசியுங்கள்.

நுளம்பு: ஏரிக்கரை நுளம்புகள் றொஸ் றிவர் காய்ச்சலைப் பரப்பும். முரே ஆற்றுப் பகுதிகளில் 2022 முதல் ஜப்பானிய மூளையழற்சி நோயும் காணப்பட்டது. மாலையில் நீண்ட சட்டையும் நுளம்பு விரட்டியும் அவசியம். முரே பக்கம் போகிறவர்கள் தடுப்பூசி பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.

பாம்பு: ரைகர் பாம்பு நீர்க்கரைகளை விரும்பும். கடித்தால் கழுவவோ கீறவோ வேண்டாம். முழுக் கையையோ காலையோ அகன்ற பன்டேஜால் இறுக்கமாகச் சுற்றி, அசையாமல் வைத்து 000 அழையுங்கள்.

கரி அடுப்பு: மழை பெய்கிறது என்று கரி பாபகியூவையோ வெளியில் பாவிக்கும் கேஸ் அடுப்பையோ விடுதிக்குள் கொண்டுவர வேண்டாம். அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. வீட்டிலுள்ள பலருக்கும் ஒரே நேரத்தில் தலையிடியும் வாந்தியும் வந்தால் சாப்பாட்டைக் குறை சொல்லுமுன் எல்லோரையும் வெளியே கொண்டுபோங்கள்.

கடைசியாக

அந்த விடுமுறையிலிருந்து திரும்பி வந்த அடுத்த மாதம், நமது உள்ளூராட்சிச் சபை நீச்சல் தடாகத்தில் வளர்ந்தோருக்கான வகுப்பில் பெயர் கொடுத்தேன். எனக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைவிட இளையவர்கள். முதல் நாள் முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கவே முடியவில்லை, கிளாலி இரவுதான் கண்முன் வந்தது. ஆசிரியை பொறுமையாக, "இன்று மிதக்க மட்டும் பழகுவோம்" என்றார். மூன்று மாதத்தில் மிதக்கப் பழகினேன். ஒரு வருடத்தில் தடாகத்தின் ஒரு நீளத்தை நீந்தி முடித்தேன். வேகம் இல்லை, அழகும் இல்லை. ஆனால் இப்போது அந்தப் பையன் கழுத்தளவு நீரில் இருந்தாலும் என்னால் போக முடியும்.

உங்களால் முடியும். பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கும் தடாகங்களும் உண்டு, விசாரித்துப் பாருங்கள். பிள்ளைகளை வகுப்பிலிருந்து இடையில் நிறுத்த வேண்டாம். கணிதமும் பரதமும் வயலினும் அடுத்த தவணையிலும் படிக்கலாம். வீட்டில் ஒருவராவது சிபிஆர் பயிற்சி எடுத்திருக்கட்டும்.

பயணப் பட்டியலில் அரிசி, மிளகாய்த்தூள், தேயிலை எல்லாம் எழுதியிருப்பீர்கள். அதன் மேலே ஒரு வரி சேருங்கள்: சிவப்புத் தொப்பி ஒன்று.

உங்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சியான, பாதுகாப்பான விடுமுறை அமைய எனது வாழ்த்துகள். அடுத்த இதழில் சந்திப்போம்.

(இக்கட்டுரை பொதுவான தகவலுக்கு மட்டுமே. உங்கள் தனிப்பட்ட நோய்நிலை பற்றி உங்கள் குடும்ப வைத்தியரிடம் ஆலோசனை பெறுங்கள். அவசரமற்ற வேளைகளில் தாதியுடன் பேச 1800 022 222, தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு 131 450, நச்சுத் தகவலுக்கு 13 11 26, உயிராபத்துக்கு 000.)